சந்தேகத்தின் பலன் யாருக்கு?

நீதிமன்றங்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கூண்டில் நிற்பவன் குற்றவாளிதானா என்பதில் நியாயமான சந்தேகம் எழுந்துவிட்டால், அந்தச் சந்தேகத்தின் பலனை அவனுக்கே கொடுத்து விடுதலை செய்துவிடுகிறார்கள். குற்றவாளி ஒருவன் தப்பிப் போனாலும் போகட்டும், நிரபராதி ஒருவன் தூக்கில் தொங்கக் கூடாது என்பது அதன் தாத்பரியம். மனித சமுதாயம் எத்தனையோ தவறுகளைச் செய்து, வெட்கப்பட்டு, பிறகு கற்றுக்கொண்ட பாடம் இது.

இந்தப் பாடம் நீதிமன்றத்து வாசற்படியைத் தாண்டி எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது? முழுவதும் தெரியாத ஒரு விஷயத்தில் முடிவு செய்தே ஆகவேண்டும் என்று வரும்போது, சந்தேகத்தின் பலனை நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? வாயுள்ளவனுக்கா, வாயில்லாத ஜீவனுக்கா? இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் சங்கடமான பதில்தான் கிடைக்கும். கடலிலே கேட்டால் அந்தப் பதில் மிகவும் தெளிவாகக் கிடைக்கிறது. ஆகவே மீனைப் பற்றிச் சற்றுப் பேசலாம்.

மீனைப் பற்றி விஞ்ஞானியும் மீனவனும் பேசட்டும், கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை இருக்கிறது. மனிதன் தன்னைத்தானே எப்படி ஏமாற்றிக் கொள்கிறான் என்பதுதான் கதைக்காரனுடைய மூலப்பொருள். உலகத்துக் கடல்மீன்களைக் கணக்கெடுத்த சரித்திரத்தில் அந்த மூலப்பொருள் டன் கணக்கில் கிடைக்கிறது.

ஆட்டு மந்தையை எண்ணிவிடலாம். தோப்பிலுள்ள மரங்களை எண்ணிவிடலாம். கடல்மீனை எண்ண முடியாது. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று குறிப்பிட்ட சில இடங்களில் வலையை இழுத்துப் பார்க்கும். மீன்பிடிக் கப்பல்கள் கரைக்குக் கொண்டுவந்த எடையைக் குறித்துக் கொள்வார்கள். பிடிபட்ட மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவது போல எண்ணி, அதன் வயதைக் கண்டுபிடிப்பார்கள். இவற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கி, கண்ணுக்குத் தெரியாத மீதியை ஊகிக்க வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் யோக்கியமான விஞ்ஞானி கடைசியில் சொல்லக்கூடியது, "இவ்வளவு முதல் இவ்வளவு வரை இருக்கலாம்" என்பதுதான். ஆனால் மந்திரிக்கும், கம்பெனிக்கும், கடன் கொடுத்த பாங்கிக்கும் வேண்டியது ஒரே ஓர் எண். அந்த 'முதல்' என்ற சொல்லுக்கும் 'வரை' என்ற சொல்லுக்கும் நடுவே கிடக்கிற காலி மனையில்தான் அரசியல் வீடு கட்டிக்கொள்கிறது.

இது இன்று நேற்று நடக்கிற சமாசாரமல்ல. இங்கிலாந்தில் 1863-ல் ஒரு ராயல் கமிஷன் நியமித்தார்கள். கடலின் அடித்தரையைச் சுரண்டி இழுக்கும் வலைகளால் மீன் அழிகிறது என்று, தூண்டில் போட்டுப் பிழைத்த ஏழை மீனவர்கள் கூக்குரல் எழுப்பியிருந்தார்கள். கமிஷனில் இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுடைய கொள்கைக்காகப் பாதிரிமார்களுடன் மல்லுக்கு நின்றவர். விலைக்குப் போகிற மனிதர் அல்ல. ஆயினும் 1866-ல் வெளிவந்த அறிக்கை மீனவர்களுடைய புகாரை ஏற்கவில்லை. மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடே வேண்டியதில்லை என்றது. 1868-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய சட்டங்கள் ரத்தாயின. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடவே கூடாது என்பது அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு வேதவாக்கு. அறிக்கையும் அந்த வேதத்துக்கு இசைவாக அமைந்துவிட்டது.

பிறகு 1883-ல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் ஹக்ஸ்லி பேசினார். காட், ஹெர்ரிங் போன்ற பெரிய கடல்மீன் வளங்கள் வற்றாதவை, நாம் பிடிப்பது அவற்றின் பெருக்கத்தின் முன்னே தூசு என்பது அவருடைய கருத்து. ஆனால் 'இப்போதைய மீன்பிடி முறைகளைப் பொறுத்தவரை' என்று ஒரு நிபந்தனையையும் அவர் சேர்த்துத்தான் சொன்னார். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1881-லேயே, இழுவலை போடுவதற்கென்று நீராவிக் கப்பல் கட்டியாகிவிட்டது. முறை மாறிவிட்டது, நிபந்தனை காலாவதியாகிவிட்டது. ஆனாலும் முடிவு மட்டும் பல வருஷங்கள் உயிரோடு உலாவியது. அதே கண்காட்சியில் ரே லங்கெஸ்டர் என்ற விஞ்ஞானி மறுத்துப் பேசினார். அவர் பேச்சு எடுபடவில்லை. விஞ்ஞானி சொல்வதில் முடிவைத் தலையில் வைத்துக்கொண்டு, நிபந்தனையைத் தரையில் போட்டுவிடுவது அதிகாரத்தின் பழைய பழக்கம்.

மனிதன் பிடிப்பதால் கடலில் மீன் குறைகிறதா இல்லையா என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சில வருஷம் பிடிக்காமல் இருந்து பார்க்க வேண்டும். எந்த அரசாங்கம் அதற்குச் சம்மதிக்கும்? ஆனால் 1914-ல் யுத்தம் வந்தது. வட கடல் முழுவதும் கண்ணிவெடிகளும் நீர்மூழ்கிக் கப்பல்களும் நிறைந்தன. படகுகள் பல கரையிலேயே கிடந்தன. 1918-ல் யுத்தம் முடிந்து மறுபடியும் வலை வீசியபோது மீன் பெருத்திருந்தது, எண்ணிக்கையிலும் உருவத்திலும். இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகும் அதுவே நடந்தது. சமாதான காலத்தில் யாரும் அனுமதித்திருக்க முடியாத பரிசோதனையை, மனிதர் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த அவகாசத்தில் கடல் செய்து காட்டியது. எதைத் தெரிந்துகொள்ள நமக்கு அனுமதி இருக்கிறது என்பதையும்கூட அரசியலும் பணமும்தான் நிர்ணயிக்கின்றன.

இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகு காட்சி அமெரிக்காவுக்கு மாறுகிறது. 1945-ல் ஜனாதிபதி ட்ரூமன், தம் நாட்டுக் கரையை அடுத்த கடலில் மீன் பாதுகாப்பு மண்டலங்கள் அமைக்கும் உரிமை உண்டு என்று பிரகடனம் செய்தார். உடனே 1947-ல் சிலி, பெரு நாடுகள், "அப்படியானால் எங்கள் கரையிலிருந்து இருநூறு மைல் எங்களுக்கு" என்றன. அமெரிக்காவுக்குத் தர்மசங்கடம். ஏனென்றால் கலிபோர்னியாவின் சூரைமீன் கப்பல்கள் போய்ப் பிடித்து வந்ததே லத்தீன் அமெரிக்கக் கரைகளுக்கு அப்பால்தான். அதே சமயம் அலாஸ்காவின் சால்மன் மீனுக்கு ஜப்பானியர் வந்துவிடக் கூடாது. பிறர் கடலுக்குத் தான் போக வேண்டும். தன் கடலுக்குப் பிறர் வரக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல ஒரு தத்துவம் தேவைப்பட்டது.

வில்பர்ட் சாப்மன் என்பவர் மீனியல் படித்தவர். 1948-ல் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவில் மீன்பிடி விவகாரங்களுக்குப் பொறுப்பேற்றார். 1949 ஜனவரியில் அவர் வெளியிட்ட கொள்கை விளக்கத்தில் ஒரு வளைகோட்டுப் படம் இருந்தது. மீன் பிடிக்கும் முயற்சி கூடக் கூட விளைச்சலும் கூடி, ஒரு சிகரத்தை எட்டி, அதற்குமேல் முயன்றால் இறங்கிவிடும். அந்தச் சிகரம்தான் ஆண்டுதோறும் நீடித்துப் பெறக்கூடிய அதிகபட்ச விளைச்சல். பார்ப்பதற்கு இதில் குற்றமே இல்லை. மரத்தை வெட்டாமல் பழத்தை மட்டும் பறிப்பது போன்ற நியாயமான ஏற்பாடு. சூட்சுமம் அதன் உட்பொருளில் இருந்தது. சிகரத்தை எட்டாத மீன்வளம் வீணாகிறது, ஆகவே யார் வேண்டுமானாலும் வந்து பிடிக்கலாம். சிகரத்தைத் தாண்டிவிட்டது என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபித்த பிறகுதான் கட்டுப்பாடு விதிக்கலாம். பெருவுக்கும் சிலிக்கும் அத்தகைய நிரூபணத்துக்கு வேண்டிய விஞ்ஞானிகளோ கப்பல்களோ அன்று ஏது? ஆனால் சால்மன் விஷயத்தில், "நாங்கள் ஏற்கெனவே சிகரத்தில் நிற்கிறோம், புதிதாக யாரும் வரவேண்டாம்" என்று சொல்லி, 1952-ல் ஜப்பானும் கனடாவும் சேர்ந்த ஒப்பந்தத்தில் ஜப்பானை ஒதுங்கச் செய்தார்கள்.

1955-ல் ரோம் நகரத்தில் கூடிய சர்வதேச மாநாட்டில் இந்தக் கொள்கை அங்கீகாரம் பெற்றது. 1982-ல் கையெழுத்தான கடல் சட்ட உடன்படிக்கையிலும் சில நிபந்தனைகளுடன் ஏறிவிட்டது. இதற்கிடையில் 1977-லேயே பீட்டர் லார்க்கின் என்ற மீனியல் நிபுணர் இந்தக் கொள்கைக்குக் கல்லறை வாசகமே எழுதிப் பார்த்தார். அது சாகவில்லை. அந்த வளைகோட்டில் பொய் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் நிரூபிக்க வேண்டும், எந்தப் பக்கம் சும்மா இருந்தால் போதும் என்று அதைச் சுற்றி வகுத்த ஏற்பாட்டில்தான் அரசியல் இருந்தது. சந்தேகத்தின் பலன் வலைக்குப் போயிற்று; மீன் தன் கட்சியைத் தானே நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இப்படி நடந்தால் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூபவுண்ட்லாந்தின் கதையைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தில், கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் தீவு அது. 1497-ல் ஜான் காபட் அந்தப் பக்கம் போய்த் திரும்பியபோது, கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாலே மீன் அள்ளலாம் என்று அவருடைய ஆட்கள் சொன்னார்களாம். அந்த மீன்தான் காட். நம் வீடுகளில் குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி மருந்து புகட்டுவார்களே, ஸ்காட்ஸ் எமல்ஷன், அந்தப் புட்டியின் மேல் ஒரு மனிதன் முதுகில் சுமந்து நிற்கும் பெரிய மீன் இதுவே. அதன் ஈரலிலிருந்துதான் அந்த எண்ணெய்.

ஐந்நூறு வருஷம் அந்தத் தீவு காட் மீனால் உயிர் வாழ்ந்தது. பிறகு, பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைய வைக்கும் தொழிற்சாலைக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. 1968-ல் அந்த வடபகுதிக் காட் மீனை மட்டும் எட்டு லட்சம் டன்னுக்குமேல் அள்ளிவிட்டார்கள். அதன் பின் பிடிப்பு மளமளவென்று சரிந்தது. 1977-ல் கனடா இருநூறு மைல் எல்லையை அறிவித்து அயல்நாட்டுக் கப்பல்களை விரட்டியது. ஜனங்கள் கொண்டாடினார்கள். அந்நியன் போய்விட்டான், இனி மீன் நம்முடையது. அரசாங்கம் உதவி செய்தது; பாங்கிகள் கடன் கொடுத்தன; கம்பெனிகள் புதிய இழுவலைக் கப்பல்களை இறக்கின. அந்தக் கடனெல்லாம் மீன் பெருகும் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. ஆகவே மீன் பெருக வேண்டியிருந்தது. கடலில் பெருகாவிட்டாலும் காகிதத்திலாவது.

காகிதத்தில் அது பெருகியது. எப்படி? கப்பல்கள் ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு மீன் பிடிக்கின்றன என்பதை ஓர் அளவுகோலாக வைத்திருந்தார்கள். அது வருஷத்துக்கு வருஷம் உயர்ந்தது. ஆகவே மீன் பெருகுகிறது என்று தோன்றியது. நம் ஊர் ஏரியைக் கோடையில் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள தவறு விளங்கும். ஏரி வற்ற வற்ற, மீனெல்லாம் கடைசிக் குட்டையில் வந்து கூடும். அங்கே கையை விட்டாலே மீன் கிடைக்கும். குட்டையைப் பார்த்துவிட்டு ஏரி நிறைய மீன் என்று கணக்கு எழுதலாமா? காட் மீனும் எண்ணிக்கை குறையும்போது கூட்டமாக நெருங்கிக்கொள்கிற ஜாதி. புதிய கப்பல்களில் ஒலி அலையால் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடிக்கும் கருவிகள் இருந்தன. அரசாங்கத்து ஆராய்ச்சிக் கப்பலின் கணக்கு அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. ஒரு கட்டத்தில் நிபுணர்கள் இரண்டு கணக்குகளுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு சாட்சிகள் மாறுபட்டுச் சொன்னால் பாதியை நம்புவது பஞ்சாயத்துக்குச் சரி. கடலுக்கு அது தெரியாது.

கரையோரத்தில் சிறு படகுகளில் பிழைத்த மீனவர்கள், மீன் சிறுத்துக்கொண்டே வருகிறது, கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்று எண்பதுகளில் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். கம்பெனிக் கப்பல்களின் கணக்கு அட்டவணைக்குள் அடங்கியது. இவர்களுடைய பேச்சு அடங்கவில்லை. 1986-ல் அவர்கள் தங்கள் காசைப் போட்டு, வெளியிலிருந்து உயிரியல் நிபுணர்களை அமர்த்தி, அரசாங்கத்தின் கணக்கு அளவுக்கு மிஞ்சியது என்று அறிக்கை வாங்கினார்கள். அப்போதும் எண் மாறவில்லை.

பிறகு 1989-ன் தொடக்கத்தில் அரசாங்க விஞ்ஞானிகளே முன்வந்து, எங்கள் பழைய கணக்கு தவறு, மீன் நாங்கள் சொன்னதைவிடக் குறைவு என்றார்கள். இதை அவர்களுடைய பெருமையாகவே சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் டன்னுக்குமேல் பிடிக்கலாகாது என்பது அவர்கள் யோசனை. முந்தைய வருஷத்து அனுமதி 2,66,000 டன். அரசாங்கம் யோசித்தது. ஆலைகள் மூடப்படும், ஊர்கள் காலியாகும், தேர்தல் வரும். கடைசியில் அனுமதித்த அளவு 2,35,000 டன். விஞ்ஞானியின் பேச்சைக் கேட்டுக் குறைத்தது போலவும் ஆயிற்று, கம்பெனியின் பேச்சைக் கேட்டுக் குறைக்காதது போலவும் ஆயிற்று.

1992 ஜூலை 2-ந் தேதி, மீன்வள மந்திரி ஜான் கிராஸ்பி காட் மீன்பிடிப்பை அடியோடு நிறுத்தி உத்தரவிட்டார். அவரும் அந்தத் தீவில் பிறந்தவரே. முட்டையிடும் பருவத்து மீன், முன்னிருந்ததில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. சுமார் முப்பதினாயிரம் பேருக்கு வேலை போயிற்று. இரண்டு வருஷத்துக்கு என்றுதான் சொன்னார்கள். நடுவே சிறு அளவில் அனுமதித்தது நீங்கலாக, அந்தத் தடை 2024 வரையில், முப்பத்திரண்டு வருஷம் நீடித்தது.

குளிர்ந்த நீர் காரணம், சீல் என்ற கடல்நாய் காரணம் என்று பலவாறு சொன்னார்கள். 1994-ல் ஜெஃப்ரி ஹட்சிங்ஸ், ரான்சம் மையர்ஸ் என்ற இருவர், முதற்காரணம் அளவுக்கு மீறிப் பிடித்ததே என்று எழுதினார்கள். 1997-ல் ஹட்சிங்ஸ் வேறு இருவருடன் சேர்ந்து, அரசாங்கம் செய்தியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் விஞ்ஞான விசாரணை பிழைக்க முடியுமா என்றே பகிரங்கமாகக் கேட்டார். நிபுணர்களிடையே இருந்த சந்தேகங்களையும் அபிப்பிராய பேதங்களையும் அழித்துவிட்டு, ஒருமித்த கருத்து என்ற வெள்ளையடித்த சுவரை இலாகா வெளியே காட்டியது என்பது குற்றச்சாட்டு. இலாகாவைச் சேர்ந்தவர்கள் அதைக் காரசாரமாக மறுத்தார்கள்.

இந்தக் கதையில் வில்லன் யார்? எத்தனை முறை புரட்டினாலும் எனக்கு ஒருவன் அகப்படவில்லை. மந்திரியைத் திட்டலாம். ஆனால் அவர் எதிரே வேலை போகப் போகிற மனிதர்களின் முகங்கள் நின்றன, மீனுக்கு முகமில்லை. முகமுள்ள துன்பத்துக்கு இரங்குவது நல்ல குணம்தான். அந்த நல்ல குணத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு கம்பெனிக் கப்பல்கள் முன்னேறின. சிறு படகுக்காரனின் வயிற்றைக் காட்டிப் பெரிய கப்பலுக்கு அனுமதி வாங்கினார்கள். கடைசியில் இருவரும் கரையில் நின்றார்கள். விஞ்ஞானியைத் திட்டலாம். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. சாத்தியமான பல எண்களுக்குள்ளே, கேட்டவர்களுக்குச் சௌகரியமானது எதுவோ அதன் பக்கம் சற்றுச் சாய்ந்தார். அல்லது, அவர் நேராகத்தான் நின்றார், அவர் சொன்னதிலிருந்து சௌகரியமானதை மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். யாரும் ஒரு பெரிய பாவத்தைச் செய்யவில்லை. ஆளுக்கொரு சின்னச் சௌகரியத்தைச் செய்துகொண்டார்கள். ஒரு சமுத்திரத்தைக் காலி செய்ய அது போதுமானதாக இருந்தது.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், "விஞ்ஞானமே அரசியல்தான், எவனையும் நம்பாதே" என்று கிளம்புவார்கள். அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற புத்தி. கணக்கு தவறு என்று கண்டுபிடித்ததும் விஞ்ஞானம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. மீன் இத்தனைதான் என்ற உண்மை கடலுக்குள் இருக்கிறது. மந்திரிசபை தீர்மானம் போட்டு ஒரு குஞ்சைக்கூடக் கூட்ட முடியாது. அரசியலால் அந்த உண்மையை மாற்ற இயலாது. நாம் அதைத் தெரிந்துகொள்வதைத் தாமதப்படுத்த இயலும். நியூபவுண்ட்லாந்தில் அந்தத் தாமதத்தின் விலை ஒரு தலைமுறை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. டேனியல் பாலி என்ற மீனியல் அறிஞர் 1995-ல் அதை எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக் கடலையே இயற்கையான கடல் என்று நினைத்துக்கொள்கிறார். அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார். அவருக்கு முன்னே குறைந்தது கணக்கில் வருவதில்லை. தாத்தா கண்ட வறுமையைப் பேரன் சுபிட்சம் என்கிறான். மனிதருடைய நாணயத்தைப் பற்றியும், நகரத்துக் காற்றைப் பற்றியும்கூட இதையே சொல்லலாம் என்று தோன்றுகிறது.

2023-ல் கனடாவில் புதிய கணக்கு முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்னும் பழைய காலத்துத் தகவல்களையும் சேர்த்துக்கொண்ட முறை அது. அதன்படி அபாயக் கோடு முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கியது. நேற்று வரை அபாய வட்டத்துக்குள் இருந்த அதே காட் மீன், எண்ணிக்கை கூடாமலே எச்சரிக்கை வட்டத்துக்கு உயர்ந்தது. அடுத்த வருஷம், 2024 ஜூன் மாதத்தில், தடை நீங்கியது. 18,000 டன் பிடிக்க அனுமதி வந்தது. புதிய முறை பழையதைவிடச் செம்மையானதாக இருக்கலாம். கோடு நியாயமாகவே இறங்கியிருக்கலாம். ஆனால் ஐந்நூறு வருஷத்துச் சொத்தை ஒருமுறை தொலைத்தவர்கள், கோடு தமக்குச் சாதகமாக நகரும்போது, பாதகமாக நகரும்போது கேட்பதைவிட இரண்டு மடங்கு கேள்வி கேட்க வேண்டாமா?

ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 1995-ல் ஏற்பட்ட மீன்வள ஒப்பந்தம் ஒன்று, போதுமான விஞ்ஞானத் தகவல் இல்லை என்பதைக் காரணம் காட்டிப் பாதுகாப்பு நடவடிக்கையை ஒத்திப்போடக் கூடாது என்று சொல்கிறது. அதாவது சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடு என்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உலகில் கணக்கெடுத்த மீன்வளங்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இன்றும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமே சொல்கிறது.

விஞ்ஞானி சம்பளம் வாங்காமல் வேலை செய்ய முடியாது. சம்பளம் கொடுப்பவர்களுக்கு ஆசையும் பயமும் இல்லாமல் இருக்காது. ஆகவே அரசியலும் பணமும் தீண்டாத சுத்தமான எண் ஒன்று வேண்டும் என்று கேட்பது நடவாத காரியம். நடக்கக்கூடியது ஒன்று உண்டு. "எனக்கு இவ்வளவுதான் தெரியும்" என்று விஞ்ஞானி சத்தமாகச் சொல்ல உரிமை வேண்டும். அந்த வாக்கியத்தை யாரும் அடித்துத் திருத்தாமல் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்படி வந்தபோது, ஒரே எண்ணாகச் சொல்லித் தொலைக்கமாட்டாரா என்று நாமும் சலித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நிச்சயமாகப் பேசுகிறவனை நம்புவதும், தயங்கிப் பேசுகிறவனைக் கேலி செய்வதும் மந்திரிகளுடைய பழக்கம் மட்டுமல்லவே.

ஒரு கணக்கு தவறிப்போனால் அதன் தண்டனையை அனுபவிக்கப் போவது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். கணக்குப் போட்டவர் அல்ல, போடச் சொன்னவரும் அல்ல என்று பதில் வந்தால், சந்தேகத்தின் பலன் தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.